ஒரே பம்புல ரெண்டு கன் மாட்டுறது எப்படி

சம்பா அறுப்பு முடிஞ்சா மன்னார்குடி பக்கம் வாட்டர் சர்வீஸ்ல அறுப்பு மிஷின் வரிசை கட்டி நிக்கும், செயின் இடுக்குல அப்பின களிமண்ண ஒரே வாட்டர் கன்ன வச்சு அடிச்சு மாளாது. ரெண்டாவது போடணும்னா பம்பு லேபிள்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு பாருங்க, 30னா ஆளுக்கு 15தான், பழைய சைஸ் நாசிலயே ரெண்டு மாட்டினா பிரஷர் கால்வாசிக்கு விழுந்துரும், அதனால பாதி ஃப்ளோ நாசில் ரெண்டு வாங்குங்க.

அன்லோடருக்கு (கன்ன மூடினா தண்ணிய திருப்பி விடுற வால்வு) அப்புறம் டீ ஜாயிண்ட், லைனுக்கு ஒரு பால் வால்வு, எல்லாம் பம்பு பிரஷருக்கு மேல தாங்குறதா இருக்கணும், வீட்டு பைப் டீ வேணவே வேணாம் வெடிச்சிரும்.

ஒரு கன்ன நிறுத்தினா மிச்ச தண்ணி பைபாஸ்ல போகும், அந்த பைபாஸ் ஹோஸ தண்ணி டேங்குக்கு விடுங்க, பம்பு தண்ணி இழுக்குற வாய்க்கே திருப்பினா சூடாகி சீல் போயிரும், எங்களுக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு.

எதக் கழட்டினாலும் மோட்டார நிறுத்தி ட்ரிகர அமுக்கி பிரஷர இறக்கிட்டு கைவைங்க.