புதிய பேராசிரியரின் ஆய்வு ஆர்வத்தை எப்படிப் படிப்பது?

பொதுச் சுகாதாரத்தில் பிஎச்டிக்குக் கைடு தேடுகிறீர்களா? புதிதாகச் சேர்ந்தவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் மாணவர் கூட்டம் குறைவு, நேரம் கிடைக்கும்.

‘ஆய்வு ஆர்வம்: காசநோய்’ என்ற ஒரு வரியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஒருவர் கிருமியின் மரபணுவைப் படிப்பார்; இன்னொருவர் நோயாளி ஏன் இறக்கிறார் என்று பார்ப்பார். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் சுகாதாரப் பணியாளர்களே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அலையத் தயாராக இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான்.

அப்புறம் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டு, அண்மைக் கட்டுரைகளின் ஆய்வுமுறைப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். முதல் பெயராக வந்தவை பெரும்பாலும் அவரே இறங்கிச் செய்தவை. கடைசிப் பெயராக வந்தவை அவர் வழிநடத்தியவை. புதியவரிடம் இரண்டாவது வகை குறைவாக இருப்பது இயல்பு.

மின்னஞ்சல் நாலு வரி போதும். எந்தக் கட்டுரையின் எந்த அட்டவணை உங்களை யோசிக்க வைத்தது என்று எழுதுங்கள். நேரில் பேசும்போது நிதி எதுவரை, தரவு கையில் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டதா என்று தயங்காமல் கேளுங்கள்.