டூரிங் பைக்கில் ஜிபிஎஸ்: வேலை சீட்டுக்கு அடியில் ஆரம்பிக்கிறது

ஜிபிஎஸ் பெட்டியைப் பிரித்ததும் ஹேண்டில்பாரில் மாட்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அதைக் கடைசிக்கு வையுங்கள். போடிமெட்டு ஏறும்போது திரை அணைந்து அணைந்து வருகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்காது, அதற்கு வரும் கரண்டில் இருக்கும். முதலில் சீட்டைக் கழற்றுங்கள்.

வாங்க வேண்டியவை: 1 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர், சிவப்பும் கறுப்பும் தலா இரண்டரை மீட்டர். தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 3 ஆம்பியர் ஃபியூஸ் நான்கு (ஒன்று வண்டியில், மூன்று பையில்). 12 வோல்ட் நான்கு முனை ரிலே (சாவி போட்டால் மட்டும் கரண்டை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்), சாக்கெட்டோடு. பேட்டரி முனைக்கு ரிங் லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) இரண்டு, ஹீட் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி வயரை இறுக்கும் உறை), கேபிள் டை. ஒரு மல்டிமீட்டர். இன்சுலேஷன் டேப்பை மறந்துவிடுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் அதன் பசை உருகி, இரண்டே மாதத்தில் அவிழ்ந்து தொங்கும்.

பேட்டரியிலிருந்து நேரே வயர் இழுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் கருவியைக் கழற்றிய பிறகும், அதை உட்கார வைக்கும் தொட்டில் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டிருக்கலாம். வெறும் 30 மில்லி ஆம்பியர் என்றே வையுங்கள், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி போகும். 9 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி ஆறே நாளில் காலி. அதனால்தான் ரிலே.

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், பாசிட்டிவ் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு வயர் போகட்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். அந்தத் துண்டு வயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற எதுவும் கிடையாது. 87-ஆம் முனையிலிருந்து ஜிபிஎஸ்ஸின் சிவப்பு வயர். 85-ஆம் முனை எர்த். 86-ஆம் முனைக்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஒரு வயர் வேண்டும். நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் வயர் தோதானது, சீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடும். நெகட்டிவை ஒரு நிமிடம் மாட்டி மல்டிமீட்டரில் பாருங்கள்: சாவி இல்லாதபோது சுழியம், போட்டதும் 12 வோல்ட் சுமார். புது வண்டிகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் ஆக்சஸரி கனெக்டரே இருக்கிறது. இருந்தால் வேறு வயரைத் தொடவே வேண்டாம்.

ஜிபிஎஸ்ஸின் கறுப்பு வயரை ஃபிரேம் போல்ட்டில் கொடுக்காதீர்கள். பெயின்டும் துருவும் எர்த்தைக் கெடுக்கும். நேரே பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு வாருங்கள்.

ஒட்டு வேலையில்தான் ரோட்டோரக் கடைகளில் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது. வயரின் மேல் அழுத்தும் ஸ்காட்ச் லாக் கிளிப் உள்ளே இருக்கும் செப்பு இழைகளையே வெட்டிவிடும். ஈயம் வைத்தால் வயர் அந்த இடத்தில் விறைத்துப் போய், அதிர்வில் சரியாக அதன் ஓரத்தில் முறியும். கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயரை விட்டு இடுக்கியால் நசுக்கி), இழுத்துப் பார்த்து, ஹீட் ஸ்லீவ் போடுவதுதான் நிற்கும். ஸ்லீவை வயரில் கோத்துக்கொண்டு அப்புறம் கிரிம்ப் செய்யுங்கள். இதை மறக்காதவர் இல்லை.

வயரை டேங்குக்கு அடியில் ஃபிரேமை ஒட்டிக் கொண்டுபோங்கள். ஸ்பார்க் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், எஞ்சின் ஹெட்டில் படவும் விடாதீர்கள். ஹேண்டில்பார் கழுத்தில் டை போடாமல் ஒரு கையகல வளைவு விடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால், உங்கள் வயர் ஆக்சிலரேட்டர் கேபிளை இழுக்கிறது. அப்படியே ஓட்டக் கூடாது. தொட்டிலுக்குள் நுழையும் முன் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

இனி மவுண்ட். பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் 22 மி.மீ. தடிமன், ஒரு அங்குல உருண்டை வைத்த யு-போல்ட் மவுண்ட் போதும். திரை வார்னிங் விளக்குகளையும் பிரேக் ஆயில் டப்பாவையும் மறைக்கக் கூடாது. முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி முறுக்குங்கள், நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

செல்ஃப் போடும்போது மட்டும் கருவி அணைந்து எழுந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கையில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் சரி, பேட்டரிக்குத்தான் வயசாகிவிட்டது. மலிவு யுஎஸ்பி சார்ஜரைப் பக்கத்தில் வைத்தால் சிக்னல் தடுமாறுவதும் உண்டு. அதைக் கழற்றிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

செட்டிங்கில் முதல் வேலை, டோலைத் தவிர்க்கும் தேர்வை அணைப்பது. பைக்குக்கு டோல் கிடையாது. அதை அணைக்காவிட்டால், திருமங்கலம் போக கப்பலூர் டோல்கேட்டைத் தவிர்க்கிறேன் என்று ஊருக்குள் சுற்றவிடும். வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேகமலையில் செல்போன் டவரை நம்ப முடியாது.

‘குறைந்த தூரம்’ என்ற தேர்வு நம் மலைகளில் ஆபத்து. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு போன பழைய சாலை 1990-லேயே மூடப்பட்டது, ஆனால் சில வரைபடங்களில் கோடு இன்னும் கிடக்கிறது. அதை நம்பினால் வனத்துறை கேட்டில் நிற்பீர்கள். மலையிறங்கி பெரியகுளம், தேனி, போடி, பூப்பாறை என்று நீங்களே புள்ளி வைத்து வழியைக் கட்டுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் நன்றாகப் பெரிதாக்கி, சாலையின் மேலேயே வையுங்கள். நான்கு வழிச்சாலையில் எதிர்ப்பக்கம் விழுந்தால், யு-டர்ன் அடி என்று நச்சரித்துக்கொண்டே வரும்.

ஊர்ப்பெயர் போடும்போது மாவட்டத்தையும் பாருங்கள். குமுளிக்கு முந்தைய கூடலூர் தேனி மாவட்டம். பட்டியலில் முதலில் நீலகிரிக் கூடலூர் வந்து நிற்கலாம். எண்ணாகக் கொடுத்தால் இன்னொரு குழி இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் 9 டிகிரி 55 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 7 நிமிடம் கிழக்கு. தசமத்தில் அது சுமார் 9.92, 78.12. நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின்னால் தட்டி 9.55, 78.07 என்று போட்டால், கருவி உங்களை அருப்புக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய் விடும்.

மதுரைக்குள் மட்டும் திரையைவிட ஆட்டோக்காரர் தேவலை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகள் அடைபட்டிருப்பதோ, வைகை அணை திறந்து யானைக்கல் தரைப்பாலம் மூழ்கிக் கிடப்பதோ கருவியில் ஏற்றிய வரைபடத்துக்குத் தெரியாது.