தாயில்லா முயல்குட்டியை வேறு தாயிடம் விடுவது எப்படி?

முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று, நான்கு நிமிடம். குட்டி கண் திறக்கவே பத்து நாளாகும். அதனால் காம்பைத் தேடுவதெல்லாம் மூக்கால்தான்.

போன மாசியில் என் வெள்ளை முயல் ஈன்ற மூன்றாம் நாள் செத்துப்போனது. ஆறு குட்டி. பக்கத்துக் கூண்டில் இரண்டு நாள் முன்னால் ஈன்ற சாம்பல் முயலுக்கு நாலே குட்டி. அதனிடமே விட்டேன்.

முதலில் கையை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தாயை வெளியே எடுத்துவிட்டு, அதன் வயிற்று முடி கிடக்கும் பெட்டியில் புதுக் குட்டிகளை நடுவில் வைத்து, அந்த முடியாலேயே மூடுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் வாசனை ஒன்றாகிவிடும். பிறகு தாயை உள்ளே விடலாம்.

முயல்பாலில் குட்டியைக் காம்புக்கு இழுக்கும் ஒரு வாசனைப் பொருள் இருப்பதை 2003இல் பிரான்ஸின் டிஜோன் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதோடு வேறொரு வாசனையை ஒரே ஒரு தடவை சேர்த்துக் காட்டினாலும், மறுநாள் அந்தப் புது வாசனைக்கே குட்டி வாய் திறக்குமாம்! சீக்கிரம் ஆவியாகிற பொருள் என்பதால், கறந்து வைத்த பாலுக்கு அந்த இழுப்பு இருக்காது. கறந்த உடனே விரலில் தொட்டுக் காட்டினேன்; தலையை இருபக்கமும் ஆட்டி, கப்பென்று பிடித்தது.

காலையில் வயிற்றைப் பாருங்கள். உருண்டு, தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தால் குடித்திருக்கிறது. சுருங்கிக் கிடந்தால் தாயை மடியில் பிடித்துக் குட்டியைக் காம்பில் விடுங்கள்.