ஆன்லைனில் உலகப் புவியியல் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியியல் ஆசிரியருக்கு இன்று இருக்கிற வசதி முன்பு யாருக்கும் இருந்ததில்லை. செயற்கைக்கோள் படம், சுழற்றிப் பார்க்கும் உருண்டை, இன்று காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று காட்டும் வரைபடம், எல்லாமே காசில்லாமல் கிடைக்கின்றன. அப்படியும் வகுப்பு முடிந்த பிறகு “நைல் நதி எந்தத் திசையில் ஓடுகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழே, அதாவது தெற்கு நோக்கி என்று சொல்லும் மாணவர்கள் நிறைய. நைல் வடக்கு நோக்கி ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. அதைத் திரையில் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் விரலை வைத்துத் தொடர்ந்து போனவர் ஆசிரியர் மட்டும்தான்.

ஆன்லைன் வகுப்பின் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் கருத்து. வரைபடம் கடைசிவரை ஆசிரியரின் கையிலேயே இருந்துவிடுகிறது.

பறந்து பறந்து காட்டுவது

கூகுள் எர்த்தைத் திறந்து, உருண்டையைச் சுழற்றி, ஆண்டீஸ் மலையில் இறங்கி, அங்கிருந்து அமேசானுக்குத் தாவுவது ஆசிரியருக்கு உற்சாகமாக இருக்கும். மாணவருக்கு இரண்டாவது தாவலிலேயே திசை போய்விடுகிறது. மவுஸைப் பிடித்திருப்பவருக்கு அடுத்து எங்கே போகிறோம் என்று தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. அதிலும் பலர் செல்போனில் பார்க்கிறார்கள். உள்ளங்கை அளவுத் திரையில் ஊர்ப் பெயர்களைப் படிக்கவே முடியாது. இணைப்பு மெதுவாக இருந்தால் படம் விட்டுவிட்டுத்தான் வரும்.

இதற்கு மருந்து எளிது. காட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். “இந்த ஆற்றைத் தொடர்ந்து போனால் எந்தக் கடலுக்குப் போய்ச் சேரும்? சாட்டில் எழுதுங்கள், நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்.” எல்லோரும் எழுதிய பிறகு ஒரே நேரத்தில் அனுப்பச் சொன்னால், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத வாய்ப்பில்லை. படத்தின் இணைப்பை முந்தின நாளே கொடுத்துவிட்டு, வகுப்பில் அவரவர் திரையில் தேடச் சொல்வது இன்னும் நல்லது. பக்கத்தில் ஓர் அச்சு அட்லஸ் இருந்தால் அதைவிட நல்லது. ஆன்லைன் வகுப்பில் காகிதம் கூடாது என்று எந்த விதியும் இல்லையே.

மெர்கேட்டரையே உலகம் என்று நம்பவிடுவது

பல இணைய வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் வழிகளில் ஒன்றில், அமைந்தவை. கெரார்டஸ் மெர்கேட்டர் 1569-ல் வெளியிட்ட அந்த உலக வரைபடம் கடலோடிகளுக்கானது. திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் பாதை அதில் நேர்கோடாக வரும். இணையத்தில் அந்த முறை நிலைத்ததற்குக் காரணம் வேறு. எந்த இடத்தில் பெரிதாக்கினாலும் தெருக்களின் கோணம் கெடாமல் தெரியும். வழி தேட அருமையான வரைபடம். உலகத்தை ஒப்பிட்டுப் பார்க்க மோசமான வரைபடம்.

அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிகின்றன. உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் பரப்பு 3 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 14 மடங்கு. இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவதுதான் பலரும் செய்வது. மாணவர்கள் தலையாட்டிவிட்டு, கண்ணால் பார்த்ததையே மனதில் வைத்துக்கொள்வார்கள்.

அவர்களே அளக்கட்டும். இணைய வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. பூமத்திய ரேகையில் தீர்க்கரேகை 10 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். சுமார் 1,113 கிலோமீட்டர் வரும். அதே இரண்டு தீர்க்கரேகைகளுக்கு இடையில், 60 டிகிரி வட அட்சரேகையில் அளந்தால் சுமார் 556 கிலோமீட்டர். மெர்கேட்டர் திரையில் இரண்டு கோடுகளும் ஒரே நீளம்! அங்கே கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு நீட்டியிருக்கிறார்கள் என்று மாணவருக்கே புரியும். வடிவம் கெடக்கூடாது என்பதற்காக வடக்கு தெற்காகவும் இரண்டு மடங்கு நீட்டியாக வேண்டும். அப்படியானால் பரப்பு எத்தனை மடங்கு? நான்கு என்று யாராவது சொல்வார்கள். கிரீன்லாந்து அதைவிட வடக்கே போகிறது, அதனால் அங்கே இன்னும் அதிகம்.

அப்புறம் மக்கள்தொகை, காடு, பயிர் போன்ற பரவல் வரைபடங்களுக்குப் பரப்பு மாறாத முறையையே பயன்படுத்துங்கள். 2018-ல் வந்த ஈக்வல் எர்த் என்ற வரைபட முறை அதற்கு நன்றாகப் பொருந்தும். நிறத்தையும் கவனியுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர் வகுப்பில் இருக்கக்கூடும், அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமலும் இருக்கலாம்.

பெயரைக் கொடுத்துவிட்டுக் காரணத்தை விடுவது

உலகின் பாலைவனங்கள் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் அழகான படம், கடைசியில் ஒரு வினாடி வினா. இப்படி நடத்தினால் அட்டகாமா என்ற பெயர் தேர்வு வரைக்கும் நிற்கும். அதற்குப் பதிலாகத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை, பெயர் எதுவும் இல்லாத செயற்கைக்கோள் படமாகக் கொடுங்கள். பசிபிக் பெருங்கடலை ஒட்டியே ஒரு பழுப்புப் பட்டை நீண்டு கிடக்கும். கடலை ஒட்டிப் பாலைவனம் எப்படி வரும்? இந்தக் கேள்வி ஒரு வகுப்பு முழுவதற்கும் போதும்.

கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டீஸ் மறித்துவிடுகிறது. மேற்கே ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர்ந்த நீர் தன் மேலுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று மேலே எழுவதில்லை, அதனால் மூடுபனி வருமே தவிர மழை வராது. இது பிடிபட்டதும், இதே போன்ற இடங்களை அவர்களே தேடட்டும். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் பெங்குவேலா நீரோட்டமும் நமீப் பாலைவனமும். வடமேற்குக் கரையில் கேனரி நீரோட்டமும் சகாராவின் கடலோரமும். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் கலிஃபோர்னியா நீரோட்டம். எல்லாமே கண்டங்களின் மேற்குக் கரையில்! அப்படியானால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை என்று ஒரு மாணவர் கேட்பார். அங்கே லீவின் என்ற வெப்ப நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது, அதனால் அந்தக் கரை அட்டகாமா அளவுக்கு வறண்டு போகவில்லை. விதிவிலக்கையும் அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தால்தான் விதி மனதில் நிற்கும்.

பருவங்களிலும் இதே குறை உண்டு, அதை இணையப் படங்களே வளர்த்துவிடுகின்றன. பூமியின் பாதையைச் சாய்வாக நின்று பார்ப்பதுபோல் வரைவதால், அது நீண்ட முட்டை வடிவத்தில் தெரிகிறது. கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், பூமி வருவது ஜனவரி தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலை தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணமான பூமி அச்சின் சாய்வை விளக்குவதற்கு முன், நார்வேயின் ஓஸ்லோ, பூமத்திய ரேகையை ஒட்டியுள்ள கீட்டோ, ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆகிய மூன்று நகரங்களின் ஜூன், டிசம்பர் மாதப் பகல் நீளத்தைத் தேடி எழுதச் சொல்லுங்கள். ஓஸ்லோவில் ஜூனில் ஏறக்குறைய 19 மணி நேரம், டிசம்பரில் 6 மணி நேரம். கீட்டோவில் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். சிட்னியில் தலைகீழ். தூரம்தான் காரணம் என்றால் மூன்று ஊர்களும் ஒரேபோல மாறியிருக்க வேண்டாமா?

பழைய தகவல், ஒரே எண், ஒரே எல்லை

போன வருட ஸ்லைடை அப்படியே போடும் பழக்கம் புவியியலில் ஆபத்து. தெற்கு சூடான் 2011-ல் பிறந்தது. ஸ்வாசிலாந்து 2018-ல் எஸ்வாத்தினி ஆனது. கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா 2019-ல் நூர்-சுல்தான் ஆகி, 2022-ல் மறுபடி அஸ்தானாவாகிவிட்டது. ஆரல் கடலைப் பல பழைய வரைபடங்கள் இன்னும் முழு நீலத்தில் காட்டுகின்றன. அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் 1960-களிலிருந்து அது சுருங்கிவிட்டது. கூகுள் எர்த்தின் டைம்லேப்ஸில் 1984 முதல் அந்தச் சுருக்கத்தை ஆண்டு ஆண்டாகப் பார்க்கலாம்.

சராசரி எண்ணை மட்டும் கொடுப்பதும் தவறுதான். எகிப்தின் மக்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் நாட்டின் 5 விழுக்காடு நிலத்தில், நைலை ஒட்டியே வாழ்கிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே நிறம் பூசிய வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. இரவு நேரச் செயற்கைக்கோள் படத்தில் ஒரே பார்வையில் தெரியும்.

சர்ச்சைக்குரிய எல்லைகள் விஷயத்தில் ஆன்லைன் ஆசிரியருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சில வரைபடச் சேவைகள், பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து எல்லைக்கோட்டை மாற்றிக் காட்டுகின்றன. வெவ்வேறு நாடுகளிலிருந்து சேர்ந்திருக்கும் மாணவர்கள் ஒரே பகுதிக்கு வெவ்வேறு எல்லைகளைப் பார்க்கலாம். அதைப் பேசாமல் விட்டுவிட வேண்டாம். அந்த நிலம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, யாரெல்லாம் உரிமை கோருகிறார்கள், ஐ.நா. அதை எப்படிக் குறிப்பிடுகிறது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேடினால் கிடைக்கும் கேள்விகளைக் கேட்பது

வீட்டிலிருந்து தேர்வு எழுதும் மாணவரிடம் தலைநகரம் கேட்டால், உலாவியின் அடுத்த தாவலில் தேடி எழுதுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தேடுபொறியைத் திறந்து வைத்துக்கொண்டே யோசிக்கவேண்டிய கேள்வியைக் கொடுங்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கி நின்றது. கால்வாய் மூடியிருந்தால் ரோட்டர்டாமிலிருந்து சிங்கப்பூருக்கு எந்த வழி, எவ்வளவு கூடுதல் தூரம், வழியில் எங்கெங்கே எரிபொருள் நிரப்பலாம்? நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் 6,000 கிலோமீட்டருக்கும் மேல் கூடுகிறது என்பதை அவர்களே அளந்து வரட்டும். இதற்குப் பதில் எழுத மூன்று கண்டங்களின் கரையையும் பார்த்தாக வேண்டும். ஒருவர் எழுதியதும் இன்னொருவர் எழுதியதும் ஒன்றுபோல இருக்காது.

மாணவர் எங்கே இருக்கிறார் என்பதை மறப்பது

வெவ்வேறு அட்சரேகைகளில் மாணவர்கள் இருப்பது சாதாரண வகுப்பறையில் வாய்க்காத பாக்கியம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் சையீன், அலெக்சாண்டிரியா என்ற இரண்டு ஊர்களின் நண்பகல் சூரியக் கோணத்தை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அங்கே வித்தியாசம் 7.2 டிகிரி, வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அதனால் இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் சுற்றளவு. உங்கள் மாணவர்களும் இதைச் செய்யலாம். ஒரே நாளில் இருவர் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அதை அளக்கட்டும். நிழலின் நீளத்தைக் குச்சியின் நீளத்தால் வகுத்தால், தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணத்தின் டேஞ்சன்ட் கிடைக்கும். இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 8 டிகிரி என்றும், இரண்டு இடங்களுக்கும் வடக்கு தெற்காக 890 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், சுற்றளவு 40,050 கிலோமீட்டர் வரும். துருவங்கள் வழியாக உண்மையான சுற்றளவு சுமார் 40,008 கிலோமீட்டர்.

இதில் இரண்டு இடங்களில் தவறு வரும். தூரத்தை ஊருக்கு ஊர் நேராக அளக்கக்கூடாது, தீர்க்கரேகை வழியாக மட்டும் அளக்க வேண்டும். ஒருவரின் நிழல் வடக்கேயும் மற்றவரின் நிழல் தெற்கேயும் விழுந்தால், கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். ஏன் என்று முதலில் அவர்களையே வரைந்து பார்க்க விடுங்கள்.