பால் பத்தலையா? பவுடர் டப்பா வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் "என்ன இப்படி இளைச்சிருக்கு, பால் பத்தலை போல" என்று சொல்லிவிட்டுப் போவார், அன்று சாயங்காலமே வீட்டுக்குப் பவுடர் டப்பா வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எடை இறங்குவது இயல்பு, 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2.8க்கு வந்தால் பதற வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும், அதற்கப்புறம் முதல் மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 25 - 30 கிராம் ஏறினால் நல்லது.

அழுகையை வைத்துப் பால் கணக்குப் போடாதீர்கள், சாயங்காலம் மார்பை விடாமல் அழுவது பல பிள்ளைகளுக்கு வழக்கம்தான். மூத்திரத்தை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது, மஞ்சளடிக்காமல் வெளிறிப் போனால் பால் உள்ளே போகிறது என்று அர்த்தம். எடையை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, முடிந்தவரை அதே தராசில், துணி இல்லாமல் பாருங்கள். தினமும் எடை போட்டால் மனக்கவலைதான் மிச்சம்.

எடை ஏறவில்லையா? முதலில் பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதத்தைக் கவனியுங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். காம்பை மட்டும் சப்பினால் உங்களுக்கு வலிக்கும், பிள்ளைக்குப் பால் சரியாக வராது. வாய் நன்றாகத் திறந்ததும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தாடை மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்து, விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். ராத்திரியும் சேர்த்து 8 முதல் 12 தடவை. தூங்குமூஞ்சிப் பிள்ளையாக இருந்தால் எழுப்பித்தான் கொடுக்கணும். கொழுப்பு அதிகமுள்ள பால் கடைசியில்தான் வரும், அதனால் ஒரு பக்கம் குடித்து முடித்த பிறகு மறுபக்கம் மாற்றுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், பிறந்ததும் நாக்கில் வைக்கிற சேனை எதுவும் வேண்டாம், வயிறு அதிலேயே நிரம்பிவிடும்; தேன் ஒரு வயசு வரை ஆபத்தும்கூட. கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பத்தியம் என்று தாயைப் பட்டினி போடுவதையும் நிறுத்துங்கள்.

இரண்டு வாரமாகியும் பிறந்த எடை வரவில்லை, மூத்திரம் குறைகிறது, எழுப்பினாலும் குடிக்காமல் துவள்கிறது - இதில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். கூடுதலாகப் பால் கொடுக்கச் சொன்னால் முதலில் உங்கள் பாலையே பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கொடுங்கள். அதற்கும் மேல் பவுடர் பால் தேவை என்று டாக்டர் சொன்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை, டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்காமல் இருந்தால் சரி.