ரப்பர் தடியில் ஒட்டியிருப்பது ஸ்டீரியமா? கவிழ்த்துப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் முறித்த தோட்டங்களில் மழை விட்டதும் இறங்கினால், கிடக்கும் தடிகளில் தோல் போன்ற சிறு விசிறிகள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். பழுப்பும் ஆரஞ்சுமாக வளைகோடுகள், வெளிறிய ஓரம், மேலே பட்டுப் போன்ற ரோமம். மரத்தில் மேலோடு மாதிரி ஒட்டி வளரும் ஸ்டீரியம் என்னும் மேலோட்டுப் பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் பாதி நேரம் தப்பாகும். இதே கோடுகளும் ரோமமும் உள்ள வேறு பூஞ்சைகள் உண்டு.

தோட்டத்துக்குப் பத்து மடங்கு லென்ஸ், சவர பிளேடு, காகித உறைகள் போதும். தனியார் தோட்டத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். சரணாலயக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்க வேண்டாம். துண்டைப் பிய்க்காமல், பட்டையோடு சேர்த்துச் சீவி எடுங்கள். எந்த மரம் என்பதை அங்கேயே எழுதுங்கள். ரப்பரா, அயனியா, கொல்லாமரமா என்று வீட்டுக்கு வந்து யோசித்தால் நினைவு வராது.

இனி கவிழ்த்துப் பாருங்கள். லென்ஸில் ஊசி குத்தியதுபோல் துளைகள் தெரிந்தால் அது 'வான்கோழி வால்' எனப்படும் டிராமீட்டஸ் வகை. ஸ்டீரியத்துக்கு 'போலி வான்கோழி வால்' என்ற பட்டப்பெயர் வந்ததே அதோடு குழம்பியதால்தான். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த செதில்கள் (காளான் குடைக்கு அடியில் இருப்பதுபோன்ற மடிப்புகள்) இருந்தால் ஸ்கைசோஃபில்லம். விறகு அடுக்கில் இதுதான் அடிக்கடி கண்ணில் படும். துரு நிறச் சதை, பரப்பில் பழுப்பு முட்கள் என்றால் ஹைமனோகீட். துளை, செதில், முள் எதுவும் இல்லாமல் வழுவழுப்பாக, காவி மஞ்சளாக இருந்தால் ஸ்டீரியம் என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான்.

உறுதி செய்ய வித்து (ஸ்போர்) வேண்டும். ஈரமுள்ள புதுத் துண்டை வழுவழுப்பான பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி ஸ்லைடில் வைத்து, மேல்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஸ்லைடைக் கறுப்புத் தாள் மேல் பிடித்தால் வெள்ளைப் பொடி தெரியும். ஒன்றும் விழவில்லை என்றால் துண்டு கிழடாக இருக்கும், வேறு எடுங்கள். தண்ணீர் அதிகமானால் பொடி அதோடு ஓடிவிடும்.

அடுத்தது, வித்தின் நிறமாற்றம் பார்க்க அயோடின். 100 மி.லி. தண்ணீரில் கொஞ்சம் எடுத்து 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கரையுங்கள், பிறகு 1 கிராம் அயோடின், கடைசியில் மீதித் தண்ணீர். வரிசை மாறினால் அயோடின் கரையாமல் அடியில் கிடக்கும். கரைசல் நன்றாக இருக்கிறதா என்று மரச்சீனி (மரவள்ளி) கிழங்கின் வெட்டுவாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கருநீலம் ஆக வேண்டும். அதே மரச்சீனித் துண்டைப் பூஞ்சையைப் பிடித்துச் சீவப் பயன்படுத்தாதீர்கள். மாவு ஒட்டி எல்லாம் நீலமாகத் தெரியும். தெர்மோகோல் துண்டில் பிடித்துச் சீவுங்கள். காய்ந்த மாதிரியை 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்திருந்தால், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் கழுவிய பிறகே அயோடின் விட வேண்டும். காரம் மிச்சமிருந்தால் அயோடின் நிறமே போய்விடும்.

நுண்ணோக்கியில் ஸ்டீரியத்தின் வித்துகள் நீள்வட்டமாக, மேற்பரப்பு வழுவழுப்பாக, அயோடினில் நீலச் சாம்பலாகத் தெரியும். வகைப்பாட்டுக்கு உதவும் தடயங்களில் இந்த நிறமாற்றமும் ஒன்று. பழைய நூல்கள் இந்தப் பூஞ்சைகளையெல்லாம் தெலிஃபோரேசி என்ற ஒரே கூடையில் போட்டிருந்தன. மேலோடு மாதிரி ஒட்டியிருந்தாலே ஒரே குடும்பம் என்ற கணக்கு. மரபணு ஆய்வு வந்ததும் கூடை கலைந்தது. ஸ்டீரியம் இன்று பேசிடியோமைக்கோட்டா பிரிவு, அகாரிகோமைசீட்ஸ் வகுப்பு, ருசுலேலஸ் வரிசை, ஸ்டீரியேசி குடும்பம். குடையும் செதிலும் கொண்ட ருசுலாக் காளானுக்கு அது உறவு. பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஹைமனோகீட் வேறு வரிசை. இளம் ரப்பரின் கவட்டையில் வரும் இளஞ்சிவப்பு நோய்க்குக் காரணமான எரித்ரீசியம் சால்மோனிகலரும் மேலோட்டுப் பூஞ்சைதான், அது கார்ட்டிசியேல்ஸ் வரிசை. அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுவார்கள். செத்த தடியில் வளரும் ஸ்டீரியத்துக்கு மருந்து அடிப்பது வீண் செலவு.

ஸ்டீரியம் என்ற பேரினப் பெயர் பூஞ்சையியலாளர் பெர்சூன் 1794இல் பயன்படுத்தியது. வெப்பமண்டலத்தில் அதிகம் சொல்லப்படும் ஸ்டீரியம் ஆஸ்ட்ரியா என்ற இனம், இன்னொரு பூஞ்சையியலாளர் ஃபிரீஸ் 1838இல் இந்தப் பேரினத்துக்கு மாற்றியது. ஆஸ்ட்ரியா என்றால் சிப்பி. மரபணு வரிசை பார்க்காமல் இனம் வரை இறங்க வேண்டாம், உறையில் 'ஸ்டீரியம்' என்று மட்டும் எழுதுங்கள்.

தடியையும் உடைத்துப் பாருங்கள். வெளிறி, நார்நாராகப் பிரிந்தால் வெள்ளை அழுகல், ஸ்டீரியம் செய்யும் வேலை. சதுரம் சதுரமாக வெடித்துப் பழுப்பாக இருந்தால் அது வேறு பூஞ்சையின் கைவரிசை.

மாதிரியை 40 டிகிரி சூட்டில் முறிக்கும்போது சடக்கென்று ஒடியும் வரை உலர்த்துங்கள். பச்சையாகப் பிளாஸ்டிக் உறையில் கட்டினால் நம்மூர் ஈரத்தில் மறுநாளே பூசணம் ஏறிவிடும். உலர்ந்ததைக் காற்றுப் புகாத உறையில் வைத்து ஒரு வாரம் உறைபெட்டியில் போட்டால் வண்டுகள் சாகும். பிறகு சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடையுங்கள்.