வீடியோ காலில் வாடை வராது: கன்று ஈன்ற மாட்டுக்கு நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசும்போது, பிள்ளைகளை விசாரித்த கையோடு மாட்டையும் விசாரிப்பவர்கள் நம்மில் நிறைய. இங்கே உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய மாடு அது. ஆனால் கன்று ஈன்ற பிறகு நாம் போனில் சொல்லும் யோசனையே சில நேரம் அதன் கருப்பையைக் கெடுத்துவிடுகிறது.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். விழாமல் தொங்கினால் கல்லைக் கட்டு, கையை விட்டு இழு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சட்டைப் பொத்தான்போல் கருப்பைச் சுவரில் பல இடங்களில் அது பிடித்திருக்கும். இழுத்தால் சுவர் புண்ணாகும், பாதி அறுந்து உள்ளே தங்கி அழுகும். 24 மணி நேரம் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. விழுந்த நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோமே, கட்டும் முன் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நான் செய்த தவறு. கன்று ஈன்ற ஆறாம் நாள் என் மனைவி மாட்டின் பின்பக்கம் போனைக் காட்டினாள். செம்பழுப்பாக வடிந்துகொண்டிருந்தது. "அழுக்குதான், தானா நின்னுரும்" என்றேன். கிட்டே போன அம்மாதான், "அழுகுன நாத்தம் அடிக்குதுப்பா" என்றார். காய்ச்சல் 104 டிகிரி. மருத்துவர் வந்து நாள் தவறாமல் ஊசி போட்டுத்தான் தேறியது. முதல் இரண்டு வாரம் வாடையில்லாமல் வடிவது இயல்பு. தண்ணியாக, நாற்றத்தோடு வடிந்து, தீனியும் குறைந்தால் அது கருப்பை அழற்சி.

சினை ஊசிக்கு, அதாவது காளை விந்தைச் செலுத்திச் சினைப்படுத்தும் ஊசிக்கு, அவசரப்படுவதும் வேண்டாம். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 40 நாள் ஆகும். அதற்குள் மாடு பருவத்துக்கு வந்தால் தேதியை மட்டும் குறிக்கட்டும். 60 நாளுக்குப் பிறகு வரும் பருவத்தில் போடலாம். அப்போதும் பின்பக்கம் வடியும் வழும்பைப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் தெளிவாக, நூலாக நீண்டால் நல்லது. தயிர்த்துணுக்குபோல் சீழ் தெரிந்தால் முதலில் சிகிச்சை, பிறகுதான் ஊசி. பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் போடுவது கணக்கு.

ஈன்ற மாட்டுக்குத் தீனியைக் குறைக்கக் கூடாது. பாலுக்காகத் தன் உடம்பையே கரைக்கும் மாடு பருவத்துக்கு வரத் தாமதிக்கும். அடர்தீவனத்தோடு தாது உப்புக் கலவையும் தினமும் வேண்டும்.

இன்று ராத்திரி பேசும்போது, காலண்டரில் ஈன்ற தேதியை எழுதியாச்சா என்று கேளுங்கள். பருவம் தெரிந்த நாளையும் அதிலேயே குறித்தால், அடுத்தது சுமார் 21 நாளில் வருகிறதா என்று இங்கிருந்தே நாம் கணக்குப் பார்க்கலாம்.